குளிரில் கயாக் மீன்பிடி: கை கால் விறைக்காமல் இருக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. பொல்கொட ஏரியிலும் நீர்கொழும்புக் களப்பிலும் கயாக்கில் தூண்டில் போட்டுப் பழகிய எங்கள் ஆட்கள் ஜனவரியில் ஹட்டன், நுவரெலியா பக்கம் போகிறார்கள். இன்னும் பலர் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று அண்ணன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் போய், அங்கேயும் கயாக்கில் ஏறிவிடுகிறார்கள். திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: உடம்பு சமாளித்தது, கையும் காலும் ஏன் அப்படி விறைத்துப்போயின? நான் ரொறன்ரோவில் அண்ணனோடு இரண்டு பருவம் மீன்பிடித்தவன். மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் விடியற்காலையில் இறங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு தேடிப் படித்து உறுதிசெய்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தடித்த ஜக்கெட் போட்டிருந்தேன். அப்படியும் கை கால் மட்டும் ஏன் முதலில் விறைத்தன?

உடம்புக்கு முதல் வேலை நெஞ்சையும் வயிற்றையும் மூளையையும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் வைத்திருப்பது. சூடு குறைகிறது என்று தெரிந்தவுடனே அது கை கால்களுக்குப் போகும் இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். சூடான இரத்தம் உள்ளேயே சுற்றும். விரல்களுக்குக் கிடைப்பது மிச்சம்தான். விரல் மெல்லியது, சூடு உண்டாக்கும் தசை அதில் அதிகம் இல்லை, ஆனால் நாலு பக்கமும் காற்றுப் படும். அதனால் அது சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கயாக்கில் இதோடு இன்னும் இரண்டு சங்கடம் சேர்கின்றன. கை எப்போதும் ஈரம். கால் எப்போதும் அசையாமல் நீட்டியபடி. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரக் கையில் காற்றடித்தால் அந்த ஈரம் ஆவியாகப் போகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும், அது உங்கள் தோலிலிருந்துதான் போகிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே கையும் குளிர்கிறது. ஊரில் நமக்குச் சுகம் தந்த அதே வித்தை அங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: விரலைச் சூடாக்கும் வழியை முதலில் தேடாதீர்கள். நெஞ்சைச் சூடாக வையுங்கள், கையையும் காலையும் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள். உள்ளே சூடு மிஞ்சினால் உடம்பே அதை விரல் நுனி வரை அனுப்பிவைக்கும்.

அப்படியென்றால் கையுறைக்கு முன்னால் எதை வாங்க வேண்டும்?

காதை மூடும் ஒரு கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு கழுத்துறை, தோலோடு ஒட்டும் கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளாடை, அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஒரு மேலங்கி. பருத்தி மட்டும் வேண்டாம். நமக்குப் பருத்தி பெனியன் உயிர், வெயிலுக்கு அதைப்போல வேறில்லை. ஆனால் நனைந்த பருத்தி காயாது, சூட்டையும் வைத்திருக்காது. கம்பளி ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டும் ஓரளவு சூடு தரும்.

கொழும்பில் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகளில் தேடினால் நல்ல ஃபிளீஸ் மலிவாகக் கிடைக்கும். துணிப்பட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு எடுங்கள். பார்வைக்குத் தடிப்பாக இருக்கும் பல சட்டைகள் பாதிக்குப் பாதி பருத்திதான்.

வெயில் நன்றாக அடிக்கிறது, காற்று 15 பாகை. அப்போதும் இவ்வளவும் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் தயவுசெய்து நிதானமாக நேரம் ஒதுக்குங்கள்.

கனடாவில் ஏப்ரலில் அருமையான நாட்கள் வரும். கரையில் ஆட்கள் ரீ-சேர்ட்டோடு நடப்பார்கள். ஆனால் ஐஸ் உருகி முடிந்த ஏரியின் தண்ணீர் அப்போதும் 4 பாகையை ஒட்டியே இருக்கும். பொல்கொடவில் கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறுவோம். 4 பாகைத் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது. விருட்டென்று உள்ளே இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லித் தருகிறார். மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர 1 நிமிடம். கையும் காலும் சொன்னபடி வேலை செய்வது ஏறத்தாழ 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். நடுவில் இருக்கும் அந்த 10 நிமிடத்தைப் பாருங்கள். அது கடந்த பிறகும் உயிர் இருக்கும், நினைவு இருக்கும், ஆனால் கயாக்கைப் பிடித்து ஏறக் கை இருக்காது. ஏற்கனவே விறைத்த கையோடு விழுந்தவருக்கு அந்த 10 நிமிடமும் முழுதாகக் கிடைக்காது. கை விறைப்பதை வெறும் அசௌகரியம் என்று நினைக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

அதனால் தண்ணீரின் குளிருக்கு உடுங்கள். காற்றின் குளிரைப் பார்த்து உடுக்காதீர்கள். அந்த நாடுகளின் வசந்தத்திலும் பின் இலையுதிர் காலத்திலும் ட்ரைசூட்தான் சரியான உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் றப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே வராது, உள்ளே கம்பளி போடலாம். விலை அதிகம், இரவல் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தடித்த வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் நுரை றப்பர் உடுப்பு. அதுவும் இல்லையென்றால் அன்று கரையிலிருந்து தூண்டில் போடுங்கள். லைஃப் ஜக்கெட் எந்த நாளிலும், எந்த ஆழத்திலும், உடம்பில் பூட்டியபடி. முதுகுக்குப் பின்னால் செருகி வைத்தால் போதாது.

எந்தக் கையுறை நல்லது?

ஒரே ஒரு நல்ல கையுறை என்று எதுவும் இல்லை. துடுப்புப் போடும் கைக்கு ஒன்று வேண்டும், தூண்டில் கட்டும் கைக்கு வேறொன்று வேண்டும்.

துடுப்புக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நியோப்ரீன் (நுரை றப்பர்) கையுறை பெரும்பாலான நாட்களுக்குப் போதும். 5 மில்லிமீற்றர் சூடு தரும், ஆனால் துடுப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் முன்கை சோர்ந்துவிடும். விரல்கள் முன்கூட்டியே கொஞ்சம் வளைந்தபடி தைத்த கையுறை கிடைத்தால் அதை எடுங்கள். அளவு பார்க்கும்போது கையைப் பொத்திப் பாருங்கள். விரல் இடுக்கில் இறுக்கினால் இரத்தம் ஓடாது. இறுக்கமான கையுறைக்குள் கை சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

துடுப்புத் தண்டோடு மாட்டிவைக்கும் உறை ஒன்றும் உண்டு, அங்கே ‘போகி’ என்பார்கள். வெறுங்கையை அதற்குள் நுழைத்துத் துடுப்பைப் பிடிக்கலாம். மீன் இழுத்ததும் கையை வெளியே எடுத்துத் தூண்டிலைப் பிடிக்கலாம். மீன்பிடிகாரருக்கு அதுதான் வசதி என்பது என் எண்ணம். கயாக் கவிழும்போது கை சட்டென்று வெளியே வருகிறதா என்று கரையோரத்தில் சோதித்துவிட்டுப் போங்கள்.

கையில் காசு குறைவென்றால் நம் நாட்டுச் சரக்கே உதவும். இலங்கை தன் றப்பர் பாலிலேயே கையுறை செய்து உலகுக்கு அனுப்பும் நாடு. வீட்டு வேலைக்கு விற்கும் நீளமான றப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக எடுத்து, உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போடுங்கள். தண்ணீர் புகாது, காற்றும் புகாது. வியர்க்கும், அதனால் உள்ளே போடுவதை இரண்டு மூன்று சோடி எடுத்துப்போய் மாற்ற வேண்டும். எந்தக் கையுறை என்றாலும் மாற்றுச் சோடி ஒன்றை ஈரம் புகாத பையில் வைத்திருங்கள்.

அப்புறம் துடுப்புத் தண்டில் இருக்கும் அந்தச் சின்ன றப்பர் வளையத்தைச் சரியான இடத்தில் தள்ளி வையுங்கள். துடுப்பு இலையிலிருந்து வழியும் தண்ணீரை அது தடுத்துக் கீழே விழச் செய்யும். பொல்கொடவில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. குளிரில் அது பாதிக் கையுறைக்குச் சமம்.

மீனைக் கழற்றும்போது கையுறையைக் கழற்றத்தானே வேண்டும்?

கழற்றுங்கள், ஆனால் கை ஈரமாகும் நேரத்தைக் குறையுங்கள். றப்பர் வலை வைத்து மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நீள மூக்குக் குறடால் கொளுக்கியைத் திருப்பி எடுத்தால் பல நேரம் கையே நனையாது. திரும்ப விடும் மீனைக் கம்பளிக் கையுறையால் பிடிக்க வேண்டாம். அதன் உடம்பில் இருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும், பிறகு அது நோய்ப்படும். வேலை முடிந்ததும் துவாயில் கையை நன்றாக ஒற்றித் துடைத்துவிட்டுத்தான் கையுறைக்குள் விட வேண்டும். ஈரக் கையைக் கையுறைக்குள் விட்டால் அந்தக் கையுறை அன்று முழுவதும் ஈரம்தான். துவாயை லைஃப் ஜக்கெட்டிலேயே தொங்கவிடுங்கள்.

நூலும் ஒரு காரணம். பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி, சுற்றும்போது ரீல் வழியாகக் கைக்கே கொண்டுவரும். குளிர் நாட்களில் ஒற்றை இழை நைலோன் நூலுக்கு மாறினால் வித்தியாசம் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே போனால் தூண்டில் வளையங்களில் ஐஸ் கட்டும்; அதை விரலால் நோண்டாமல் தூண்டில் நுனியைத் தண்ணீரில் கொஞ்சம் அமிழ்த்தி எடுத்தால் விட்டுவிடும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஒரு ஜனவரிக் காலை, மூன்று முனைக் கொளுக்கியைக் கழற்றும்போது ஒரு முனை என் ஆட்காட்டி விரலில் இறங்கியது. எனக்குத் தெரியவே இல்லை. துடுப்பில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் விரலைப் பார்த்தேன். விறைத்த கைக்கு வலி தெரியாது. அன்றிலிருந்து குளிர் இடங்களுக்கு ஒற்றை முனைக் கொளுக்கிதான், அதுவும் பின்முள்ளை நசுக்கி.

கால் ஏன் கையைவிட மோசமாக இருக்கிறது?

நாம் பெரும்பாலும் ஏறுவது மேலே உட்காரும் வகைக் கயாக். அதில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. ஆள் பாரமாக இருந்தால் அதே துளைகளால் தண்ணீர் மேலே ஏறி, கால் வைக்கும் பள்ளத்தில் நிற்கும். கொழும்பில் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொள்வது சுகம். குளிரில் காலை ஐஸ் சட்டிக்குள் வைத்ததுபோல இருக்கும்.

துளைகளுக்கு அடைப்பான் போடுங்கள், பாதத் துளைகளுக்கு முதலில். மேலால் தெறித்த தண்ணீர் சேர்ந்தால் ஒரு கடற்பஞ்சால் ஒற்றி எடுங்கள். குதிக்காலுக்குக் கீழே ஒரு துண்டு ஃபோம் பாய் வெட்டி வையுங்கள். பிளாஸ்டிக்குக்கு மறுபக்கம் ஏரி இருக்கிறது, சூடு அந்த வழியாகத்தான் இறங்கிப் போகிறது. ஒரு பழைய யோகாப் பாயை வெட்டி வைத்ததுதான் நான் செய்ததிலேயே மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை.

காலுக்கு முழங்கால் வரை உயர்ந்த, தண்ணீர் புகாத நியோப்ரீன் பூட்ஸ் நல்லது. உள்ளே ஒரு மெல்லிய காலுறை, அதற்கு மேல் தடித்த கம்பளிக் காலுறை ஒன்று. இரண்டும் போட்ட பிறகு கால்விரல்களை மடக்கி விரிக்க இடம் இருக்க வேண்டும். அதனால் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வேண்டும். மூன்று காலுறை திணித்தால் மூன்று மடங்கு சூடு வராது. உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, இரத்தமும் தடைப்படும். கன்வஸ் சப்பாத்து வேண்டவே வேண்டாம். காசல்ரீயில் நான் போட்டது அதுதான்.

காலை அசைத்துக்கொண்டே இருங்கள். மிதிக்கும் கயாக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை பாதி, தொடை வேலை செய்வதால் இரத்தம் ஓடுகிறது, கையும் ஈரமாவதில்லை. துடுப்புக் கயாக் என்றால் அரை மணிக்கு ஒருமுறை இடத்தை மாற்றும் சாக்கில் ஐந்து நிமிடம் வேகமாகத் துடுப்புப் போடுங்கள். மீன் கடிக்கும் இடத்தை விட்டுப் போக மனம் வராதுதான். போய்த் திரும்பி வாருங்கள்.

காலுறைக்கு மேல் சொப்பிங் பேக் கட்டலாமா?

கட்டலாம், அவசரத்துக்கு. மெல்லிய காலுறை, அதற்கு மேல் பை, அதற்கு மேல் கம்பளிக் காலுறை என்ற வரிசையில். கம்பளி வியர்வையில் நனையாமல் இருக்கும். ஆனால் உள் காலுறை நனைந்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கக் கூடாது.

நெஞ்சு வரை வரும் வேடர்ஸ் (பூட்ஸோடு சேர்ந்த, தண்ணீர் புகாத காற்சட்டை) போட்டால் கால் நனையாதே?

நனையாது, சூடாகவும் இருக்கும். விழுந்தால் வேடர்ஸ் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று சொல்வார்கள், அது சரியில்லை. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரம் இல்லை, லைஃப் ஜக்கெட் உங்களை மிதக்க வைக்கும். சிக்கல் வேறு. உள்ளே புகுந்த குளிர்ந்த தண்ணீர் உடம்பைச் சுற்றி நிற்கும், நீந்துவதும் கடினம், கயாக்கில் திரும்ப ஏறும்போது அந்தத் தண்ணீரின் பாரம் முழுவதையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். மலைநாட்டில், கரையை ஒட்டி, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போடலாம். கனடா ஏரியின் நடுவில் நான் போடமாட்டேன்.

கைச்சூடாக்கும் பொதிகள் வேலை செய்யுமா?

பிரித்தவுடன் சூடாகும் பொதிக்குள் இருப்பது இரும்புத் தூள். அது காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. காற்று இல்லையென்றால் சூடு இல்லை, நனைந்தாலும் அத்தோடு சரி. இறுக்கமான நியோப்ரீனுக்குள் வைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் பலர். மேலங்கிப் பையிலோ, மணிக்கட்டின் உட்பக்கத்தில் கையுறைக்கு வெளியிலோ வையுங்கள். வெறும் தோலில் வைக்க வேண்டாம், விறைத்த தோல் சுட்டாலும் தெரியாது.

உள்ளே உலோகத் தட்டைச் சொடுக்கினால் கெட்டியாகிச் சூடாகும் வகையும் உண்டு. சோடியம் அசற்றேற்று கரைசல் அது. கொதிநீரில் போட்டால் மறுபடி பயன்படும். அதற்குக் காற்று வேண்டாம், ஆனால் அதிக நேரம் நிற்காது.

ஒரு வாய் சாராயம் சூடு தராதா?

தராது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு ஏறியதுபோலத் தெரியும், அதே வழியால் உள்ளே இருந்த சூடு வெளியே போகும். சிகரெட் எதிர்ப்பக்கமாகக் கெடுக்கும், விரல் குழாய்களைச் சுருக்கும். கரைக்கு வந்த பிறகும், உடம்பு சரியாகச் சூடேறும் வரை இரண்டும் வேண்டாம்.

வேறு என்ன குடிப்பது, சாப்பிடுவது?

பிளாஸ்க்கில் சீனி போட்ட இஞ்சித் தேத்தண்ணி. அதைப் பிடித்திருக்கும் நேரத்திலேயே கை பாதி சரியாகும். உடம்பு எரித்துச் சூடாக்க ஏதாவது வேண்டும். எள்ளுருண்டையும் கச்சானும் கையுறையோடு எடுத்துச் சாப்பிட முடிவதால் நான் கொண்டுபோவேன். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், இரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகம் அப்படிச் செய்கிறது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கரைக்குப் போய் வாருங்கள், நடந்தால் காலும் சூடாகும்.

விறைத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பெருவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையென்றால் அன்றைய மீன்பிடி முடிந்தது, கரைக்குத் திரும்புங்கள். அதற்குக் கொஞ்சம் முந்தைய நிலையில் கையை அக்குளுக்குள் வைக்கலாம். தோளிலிருந்து கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குப் போகும். கயாக் ஆடும் என்பதால் இதைக் கரையில் செய்யுங்கள்.

தேய்க்க வேண்டாம். நெருப்பில் காட்ட வேண்டாம். கொதிநீரில் விட வேண்டாம். சூடு திரும்பும்போது ஊசி குத்துவதுபோல வலிக்கும், அது நல்ல வலி. தோல் மெழுகுபோல் வெளுத்து, கெட்டியாகி, தொட்டால் உணர்வே இல்லையென்றால் உறைபனிக் காயம். மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகு 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூச்சியத்துக்குக் கீழே போகாமலும் கால் கெடும். ஈரக் காலுறையோடு பல மணி நேரம், பல நாள் இருந்தால் 10 பாகையிலும் நரம்பு பாதிக்கப்படலாம். மாலையில் காலைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த காலுறை போட்டுத் தூங்குங்கள்.

கூட வந்தவரின் நாக்குக் குழறினால், சொன்னதையே சொன்னால், நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சோர்ந்தால், அது கை கால் பிரச்சினை இல்லை. உடலின் உள்ளே 35 பாகைக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே உதவி கூப்பிடுங்கள், ஈர உடுப்பை மாற்றிப் போர்த்துங்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. போகலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் கால் குளிர்வதும் தெரியாது, சூட்டுப் பொதி சுடுவதும் தெரியாது. அப்படிப்பட்டவர் கால்விரலுக்குச் சூட்டுப் பொதி வைக்கவே கூடாது. மணிக்கு ஒருமுறை கரைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். சிறு குளிருக்கும் விரல் வெளுத்து, பிறகு நீலமாகிச் சிவப்பவர்களுக்கு ரேனோ என்ற நிலை இருக்கலாம். அதையும் முதலில் காட்டுங்கள்.

நுவரெலியாவுக்கும் ட்ரைசூட் வேண்டுமா?

வேண்டாம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் பனி உறையும். ஆனால் பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். மழையும் காற்றும் சேர்ந்த நாட்கள்தான் சிரமம். ஃபிளீஸ், மழை அங்கி, தொப்பி, 2 மில்லிமீற்றர் கையுறை, பூட்ஸ், இரண்டு சோடி காலுறை, ஒரு முழு மாற்று உடுப்பு, இவ்வளவும் போதும். எந்த நீர்நிலையில் என்றாலும் மீன்பிடிக்கவும் கயாக் இறக்கவும் அனுமதி உண்டா என்று அங்கே கேட்டுவிட்டு இறங்குங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகாதீர்கள்.

கொழும்பிலேயே பழகிவிட்டுப் போக வழி உண்டா?

உண்டு, ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெதுவெதுப்பான பொல்கொடத் தண்ணீரில், நீங்கள் அங்கே போடப்போகும் முழு உடுப்போடும் பூட்ஸோடும் கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பாருங்கள், ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் தடவை பெரும்பாலும் முடியாது. முடியும் வரை செய்யுங்கள்.

அடுத்தது வீட்டில். ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். கையுறை போட்ட கையை இரண்டு நிமிடம் அதில் வைத்துவிட்டு, வெளியே எடுத்து லைஃப் ஜக்கெட் கொளுவியைப் பூட்டித் திறங்கள், விசிலை எடுத்து ஊதுங்கள், தொலைபேசியை அதன் பையிலிருந்து எடுத்து ஒரு அழைப்பு எடுங்கள். தூண்டில் முடிச்சை மட்டும் கொழும்பிலேயே கட்டி, பத்துப் பன்னிரண்டு கொளுக்கிகளைத் தயாராகக் கொண்டுபோங்கள். மற்ற மூன்றில் எது அந்தக் கையுறையோடு முடியவில்லையோ, அது முடிகிற வேறு கையுறையைப் புறப்படுவதற்கு முன் தேடி எடுங்கள்.